கிராம் அண்ணன் இளைக்க வைத்த சக்கரம்

நாமெல்லாம் எதையாவது சேர்த்துக்கொண்டே போவதற்காகப் பிறந்தவர்கள். எதையாவது குறைத்துக்கொண்டே போவதற்காகப் பிறந்தவர் இந்த உலகத்தில் கிராம் அண்ணன் ஒருவர்தான். இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பதினோரு வருஷம் அவரோடு ஒரே பட்டறையில் குப்பை கொட்டியவள் நான்.

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் தாண்டி, கடலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் படகு எஞ்சின் பட்டறை. முன்னால் கண்ணாடி அறையில் பில், பார்ட்ஸ், போன் எல்லாம் என் பாடு. பின்னால் லேத் மெஷினில் இரும்பு கடைவது அவர் பாடு. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்கும்போது, யாரோ புது ஆள் சேர்ந்திருக்கிறாரோ என்று எனக்கே ஒரு விநாடி தோன்றும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கண்ணாடிக் கதவைத் திறந்து என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். தப்பான பார்வை இல்லை. மீன் கடைக்காரர் மீனைப் பார்க்கிற பார்வை.

"அறுபத்தெட்டரை" என்றார்.

"என்னது?"

"ஹேண்ட்பேக்கோட எழுபத்தொண்ணு."

என்னைப் பெற்றவரிடமும் கட்டியவரிடமும் நான் மறைத்து வைத்திருந்த எண் அது. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. நான் வெடிப்பதற்குள் அவர் என் கைப்பையை மேஜையில் கவிழ்த்துவிட்டார். இரண்டு குடை, மூன்று லிப்ஸ்டிக், எப்போதோ தீர்ந்துபோன தைல பாட்டில், ஒரு கொத்துச் சாவி எல்லாம் உருண்டு வந்தன.

"தங்கச்சி, இந்தச் சாவி எந்தக் கதவுக்கு?"

யோசித்தேன். நாங்கள் கேலாங்கில் வாடகைக்கு இருந்த வீட்டின் சாவி. அந்த வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கதவே இல்லாத சாவியை ஆறு வருஷம் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்குப் போன தோள்வலி பிறகு வரவே இல்லை. அதனால் அவர் என் எடையை ஊருக்கே சொன்னதை மன்னித்துவிட்டேன்.

அவர் சட்டைகளில் பை இருக்காது, பிரித்து எடுத்திருப்பார். பல் தேய்க்கும் பிரஷ் பாதிதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காதுதான், "பிடிச்சுக்க ஒரு காது போதும்லா, இன்னொண்ணு எதுக்கு தண்டமா?" என்று மற்றதைக் கழற்றிவிட்டார். குனிந்தால் கண்ணாடி கீழே விழும். அதனால் குனிந்து செய்கிற வேலையை எல்லாம் கண்ணால் செய்யாமல் விரலால் தடவியே செய்யப் பழகியிருந்தார். வாரப் பத்திரிகை வாங்கினால் முதலில் பின்னைப் பிடுங்குவார். அப்புறம் விளம்பரம், ராசிபலன், சமையல் குறிப்பு என்று ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மிஞ்சுகிற நாலைந்து தாளைத்தான் படிப்பார். ஒரு தடவை பஸ் கார்டின் ஓரத்தை வெட்டினார். அந்த ஓரத்தில்தான் மெல்லிய கம்பி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. கார்டு செத்துப்போனது. "செத்தாலும் எடை குறைஞ்சுதான் செத்திருக்கு" என்றார்.

தேக்கா மார்க்கெட்டுக்கு அவரோடு போய் ஒரு தரம் மாட்டிக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்குகிற மின்தராசு ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். வெண்டைக்காய்க் கடையில் அதை எடுத்து வைத்ததும், கடைக்காரர் அரசாங்க ஆள் சோதனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். இவர் வெண்டைக்காயின் காம்பை ஒவ்வொன்றாக ஒடித்துவிட்டு எடை போட ஆரம்பித்ததும் இளநீரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நான் பாதி குடித்திருந்தேன்.

எதற்காக இப்படி என்று நான் கேட்டதுண்டு. "ஒரு பொருள்ல எடை இருந்தா அதுக்கு ஒரு வேலை இருக்கணும் தங்கச்சி. சும்மா உக்காந்திருக்கக் கூடாது" என்பார். சும்மா உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி இதைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அல்போன்ஸ் அங்கிள் தன் ஜெட் ஸ்கியைக் கொண்டுவந்தார்.

அல்போன்ஸ் அங்கிள், பிடோக்கில் கிராம் அண்ணனின் மேல்மாடிக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மாதா கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரல். நெஞ்சும் வயிறும் குரலுக்கு ஏற்ற அளவு. யாரோ விற்ற பழைய ஜெட் ஸ்கி ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சேர்ந்திருந்த கிளப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை நண்பர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். நாலு வருஷமாக அவர்தான் கடைசி. ஒரு வருஷம், நடுவில் தண்ணீரில் விழுந்து, நீந்தி வந்து, திரும்ப ஏறி ஓட்டிய ஆள்கூட இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

இது ஐந்தாவது வருஷம். அவர் மனைவி ஃபிலோ ஆன்ட்டி, இவருடைய முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்து, பந்தயம் முடிந்த மறுநாள் வண்டியை விற்றே ஆகவேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

"கிராமு, எனக்கு ஃபர்ஸ்ட் எல்லாம் வேணாம்லா" என்றார் அல்போன்ஸ் அங்கிள். "கடைசி மட்டும் வரக்கூடாது. ஒரே ஒரு ஆள் எனக்குப் பின்னால இருந்தாப் போதும். நான் திரும்பிப் பாக்கணும், அங்க ஒருத்தன் இருக்கணும்."

கிராம் அண்ணன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். எஞ்சினைத் திறந்து, அதன் ஒரு முனையில் இருந்த கனமான இரும்புச் சக்கரத்தைத் தட்டினார்.

"எஞ்சின் நல்ல எஞ்சின்ணே. பாவம், இந்த ஃப்ளைவீல்தான் கனம். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு ஓடற பிள்ளை மாதிரி ஓடுது. புக்கைக் கொஞ்சம் எடுத்துட்டா போதும், எப்படி ஓடுதுன்னு பாருங்க."

ஃப்ளைவீல் என்பது எஞ்சின் தடுமாறாமல் ஒரே சீராகச் சுற்ற உதவும் சக்கரம். அதன் எடையைக் குறைத்தால், முடுக்கியதும் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும். ஆனால் அளவு மீறிக் குறைத்தால் நின்ற இடத்தில் இருமி இருமி அணைந்துபோகும். எவ்வளவு குறைக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதெல்லாம் கிராம் அண்ணனுக்கு அத்துப்படி. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் சக்கரத்தை இளைக்க வைக்கிற மாதிரி அல்போன்ஸ் அங்கிளும் இளைக்க வேண்டும்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு வாரம் சக்கரத்தை லேத்தில் மாட்டிக் கடைந்தார். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. தினமும் சாயங்காலம் எடை போட்டு எனக்கு மெசேஜ் அனுப்புவார், பிரசவ வார்டிலிருந்து குழந்தை எடை சொல்கிற மாதிரி. வாரக் கடைசியில் சக்கரம் எழுநூறு கிராம் இளைத்திருந்தது. அல்போன்ஸ் அங்கிள் அதே வாரத்தில் ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தார். பந்தயக் கவலையில் நாசி லெமாக் சோறு கொஞ்சம் அதிகம் இறங்கிவிட்டதாம்.

இனி பேலன்ஸ் பார்க்கும் வேலைதான் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். முதலாளி சீனர்தான். ஆனால் பொரிக்கும் சுண்டலுக்கும் முதல் ஆளாக நிற்பார், காப்பி மெஷினுக்கும் பொட்டு வைத்தாயா என்று என்னிடம் மறக்காமல் கேட்பார். சந்தனம் என் பொறுப்பு. தேக்காவில் பொடி வாங்கி, பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைப்பேன். என் கைப்பக்குவம் அப்படி, காய்ந்தால் சிமெண்ட். இரண்டு வருஷத்துக்கு முன் போட்டோகாப்பி மெஷினில் வைத்த பொட்டை இன்னும் யாராலும் பெயர்க்க முடியவில்லை.

அன்று காலையே கிராம் அண்ணன் சொல்லிவிட்டார். "தங்கச்சி, எல்லாத்துக்கும் வை. என் லேத்துக்கு நல்லாப் பெருசா வை. அந்த ஃப்ளைவீலுக்கு மட்டும் வேணாம். நாளைக்கு பேலன்ஸ் பாக்கணும். அதுல ஒவ்வொரு கிராமும் கணக்கு."

சரி என்று தலையாட்டினேன். மனசாரத்தான் ஆட்டினேன்.

பூஜை முடிந்து எல்லோரும் சுண்டலுக்கு வெளியே போன நேரம், அல்போன்ஸ் அங்கிள் என் பக்கத்தில் வந்து நின்றார். அத்தனை பெரிய உருவம் பூனை மாதிரி நடந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்மா, என் வீலுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்ல?"

"அண்ணன் வேணாம்னு சொன்னாரு அங்கிள். அதோட, நீங்க…"

"நான் அந்தோணியார்கிட்ட சொல்லிட்டேன்மா. மெழுகுவத்தியும் ஏத்தியாச்சு. அது வேற டிபார்ட்மெண்ட். ஆனா இந்த வீல் ஒரு வாரமா உங்க மெஷினுங்களோட உக்காந்திருக்கு. எல்லாத்துக்கும் வச்சிட்டு அதை மட்டும் விட்டா அது என்னா நினைக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயது ஆள் அழுகிற மாதிரி நின்றார்.

"உள்பக்கமா வைம்மா. ஃபிலோவுக்குத் தெரிய வேணாம், கிராமுக்கும் தெரிய வேணாம்."

வைத்தேன். சக்கரத்தின் உள்பக்கம், காந்தங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் வைத்தேன். கடுகளவு வைத்திருக்கலாம். நாலு வருஷத் தோல்விக்குக் கடுகளவு போதாது என்று தோன்றியதால் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி அழுத்தினேன். அல்போன்ஸ் அங்கிள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

மறுநாள் கிராம் அண்ணன் சக்கரத்தின் நடுவே ஒரு தண்டைச் செருகி, இரண்டு இரும்பு விளிம்புகளின் மேல் வைத்தார். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் மெதுவாக உருண்டு கீழே வரும். அந்த இடத்தில் கொஞ்சம் துளை போட்டு இரும்பை எடுப்பார். எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அப்படியே நிற்கும் வரைக்கும் இது நடக்கும். அன்று சக்கரம் ஒரே பக்கமாக உருண்டு வந்தது. குனிந்தார், கண்ணாடி விழுந்தது, வழக்கம்போல் விரலை விட்டுத் தடவினார். சந்தனக் கட்டியின் மேல் அதற்குள் இரும்புத்தூள் அப்பிக் கறுத்துப் போயிருந்தது.

"வார்ப்புல ஒரு கட்டி இருக்கு தங்கச்சி. அவசரத்துல ஊத்தியிருக்கான். காந்தத்துக்குப் பக்கத்துல உளி வைக்கக் கூடாது, வெளியில துளை போட்டுச் சரிக்கட்டறேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் எனக்கு வந்ததோ நிம்மதி. நல்லதாகப் போயிற்று, சந்தனமும் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனேன். அறிவு என்று ஒன்று இருந்தால் அது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்திருக்க வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அல்போன்ஸ் அங்கிள் சனிக்கிழமை சாயங்காலமே மாதா கோயில் பூசைக்குப் போய்வந்துவிட்டார். கரையில் நான், கிராம் அண்ணன், போனில் வீடியோ எடுக்க ஃபிலோ ஆன்ட்டி. ஐந்து வண்டிகள், ஆரஞ்சு நிற மிதவைகளைச் சுற்றி மூன்று சுற்று.

விசில் ஊதியதும் அல்போன்ஸ் அங்கிளின் வண்டி பாய்ந்தது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் மிதவையில் நாலாவது. இரண்டாவது மிதவையில் மூன்றாவது. முதல் சுற்று முடியும்போது இரண்டாவதாக எங்களைக் கடந்து போனார். போகிறபோது திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவர் அல்ல, மூன்று பேர் இருந்தார்கள். அவர் போட்ட கூச்சல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஃபிலோ ஆன்ட்டி, "ஏசுவே, ஏசுவே" என்று குதித்ததில் வீடியோவில் பாதி வானம்தான் இருக்கிறது. கிராம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது சுற்றின் நடுவில் சந்தனம் தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தது.

அப்போது அது எங்களுக்குத் தெரியாது. வண்டி உதற ஆரம்பித்ததுதான் தெரிந்தது. சந்தனக் கட்டிக்காக அந்தப் பக்கம் துளை போட்டு இரும்பை எடுத்தாயிற்று. இப்போது கட்டியும் இல்லை. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிற சக்கரம், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி ஆனது. அல்போன்ஸ் அங்கிளின் கன்னம், தொப்பை, லைஃப் ஜாக்கெட் மூன்றும் மூன்று திசையில் ஆடின. ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் நிறுத்தவில்லை. பல் கிட்டிக்கொள்ள, உதறிக்கொண்டே மூன்று சுற்றையும் முடித்தார். ஐந்தாவதாக.

கரைக்கு வந்து இறங்கினார். ஃபிலோ ஆன்ட்டி துண்டைப் போர்த்தினார். பிறகு அங்கிள் கிராம் அண்ணனைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் ரவுண்டு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை பட்டறையில் எஞ்சினைத் திறந்தார்கள். முதலாளி, இரண்டு மெக்கானிக், அல்போன்ஸ் அங்கிள், நான் எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளிக்கு நல்ல கோபம். எங்கள் பட்டறை வேலை கிளப் முழுவதற்கும் முன்னால் உதறிக் காட்டியிருக்கிறதே! யார் செய்த தப்பு, எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கிராம் அண்ணன் குனிந்தார். கண்ணாடி விழுந்தது. விரலை உள்ளே விட்டு, மூடிக்குள் சிதறிக் கிடந்த துண்டு ஒன்றை எடுத்தார். நசுக்கினார். கறுப்பு உதிர்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தது. மூக்குக்குக் கொண்டுபோனார்.

பட்டறையில் அந்தக் கைப்பக்குவம் ஒருத்திக்குத்தான் உண்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அல்போன்ஸ் அங்கிளைப் பார்த்தார். அங்கிளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. கிராம் அண்ணனின் கை மேல்சட்டைக்குப் போனது. அங்கே பை இல்லை. அதை அவரே என்றோ பிரித்துவிட்டார். துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"மை மிஸ்டேக், பாஸ்" என்றார். "பேலன்ஸ் நான் தப்பாப் பாத்துட்டேன்."

முப்பது வருஷ லேத் வேலையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதம் லேத் பக்கம் போகக் கூடாது, ஸ்டோரில் போல்ட் நட்டு பிரித்து வை என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அல்போன்ஸ் அங்கிளுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் பொறுக்க முடியாமல் ஸ்டோருக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சந்தனம்… முதலாளிகிட்ட நான் போய்ச் சொல்லிடறேன்."

"அல்போன்ஸ் கேட்டாரா?"

தலையாட்டினேன்.

"சொல்லாத தங்கச்சி. சொன்னா உனக்கு லேசாயிடும். அவருக்குக் கனத்துப்போயிடும். தன் பந்தயத்தைத் தானே கெடுத்துக்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டே இருப்பாரு. என் தப்புன்னா நாலு திட்டு திட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவாரு."

"உங்களுக்கு?"

"நான் குனியறப்பல்லாம் கண்ணாடி விழுது. காது ரெண்டும் இருந்திருந்தா பாத்திருப்பேன். அது என் தப்புதானே?" என்று சொல்லி அடுத்த போல்ட்டைத் தராசில் வைத்தார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல், "போதும், எடை குறைஞ்சிரும்" என்றார். ஒரு மாதம் கழித்து அவர் லேத்துக்குத் திரும்பியபோது, ஸ்டோரில் இருந்த போல்ட்டுகளெல்லாம் எடை வரிசையில் இருந்தன. அளவு சொல்லிக் கேட்டால் ஒன்றையும் எடுக்க முடியவில்லை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு எதிலும் கைவைக்கத் தயங்கி நின்றேன். கிராம் அண்ணன் வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி, இரண்டு காதோடு. தராசை என் முன்னால் வைத்தார்.

"உருட்டி இதுல வை. ரெண்டு கிராம். ம், இன்னொரு ரெண்டு கிராம் எடு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு நேர் எதிர்ப்பக்கம். இப்ப சாமிக்கும் ஆச்சு, பேலன்ஸுக்கும் ஆச்சு."

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் சுற்றுகிற எதுவானாலும் இரண்டு பொட்டுத்தான். நான் அந்த வேலையை விட்டு வந்த பிறகும் என் வீட்டு வாஷிங் மெஷின் கதவில் எதிரெதிராக இரண்டு பொட்டு வைக்கிறேன். என் கணவர் ஏன் என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

அல்போன்ஸ் அங்கிள் வண்டியை விற்றுவிட்டார். அந்த வீடியோ மட்டும் போனில் இருக்கிறது. முதல் சுற்று முடிந்து அவர் திரும்பிப் பார்க்கிற இடத்தோடு அதை வெட்டிவிட்டார். பிடோக்கில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார். "வேண்டாத எடையை நல்லா எடுத்திருக்காரு" என்று கிராம் அண்ணனுக்கு ஒரே பெருமை. அங்கிளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, பள்ளிக்கூடத்தில் மலாய் எடுத்தவர். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். யாரும் அவரிடம் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

கிராம் அண்ணன் படிப்பார். இந்த இதழ் கைக்குப் போனதும் முதலில் பின்னைப் பிடுங்குவார். பிறகு விளம்பரம், ராசிபலன், சமையல் குறிப்பு என்று ஒவ்வொன்றாகக் கிழிப்பார். அண்ணே, இந்தத் தாளை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எடை அதிகமில்லை.